முள்நாறி

காதோரம் வைத்துக் குலுக்கணும் என்றார்
போனில் பெள்ளன், கல்லாற்றுச் சாலையோரக் கடைக்காரர்.
உள்ளே கொட்டை லேசாக இடம் மாறும்,
ஈரத்துணிக்குள் கூழாங்கல் நகர்ந்த மாதிரி.
கேட்டால் எடுங்க, கேட்காட்டி வைங்க.

குலுக்குங்கள், போனைப் பக்கத்தில் பிடியுங்கள் என்றேன்.
விசைப்படகு இன்ஜினுக்கு
இருபது வருஷமாய்க் காது கொடுப்பவன் நான்.
எந்த நாசில் அடைத்திருக்கிறதென்று
கரையில் நின்றே சொல்லிவிடுவேன்.
ஐந்து பழம் குலுக்கினார்.
மூணாவது, என்றேன்.

விலையில் பாதிதான் பெனிட்டாவிடம் சொன்னேன்.

மதுரை தாண்டி டிரைவர் வண்டியை நிறுத்தி
கேஸ் லீக்காகிறதா என்று குனிந்து தேடினாராம்.
தங்கச்சிமடம் நிறுத்தத்தில், விடியாத இருட்டில்,
சாக்கை என்மேல் எறியாத குறையாய்க் கொடுத்தார் கண்டக்டர்.
கட்டைவிரலில் முள் ஏறியது.

இன்னும் ரெண்டு நாள் போகணும்.
பேப்பரில் சுற்றிக் காம்பு மேலே இருக்க வைக்கணும்.
ஃப்ரிட்ஜ் ஆகாது, பாலும் மாவும் வாசம் பிடிக்கும்.
கீழ்ப்பக்கம் தையல் மாதிரி கோடு
விரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது
வெட்டணும்.
வெறும் வயிறு. புருஷன் பெண்டாட்டி மட்டும்.
யாரிடமும் சொல்லக்கூடாது.

இதை எதற்கு வாங்குவார்கள் என்று
இந்தக் கரையிலும் தெரியும்.
பதினோரு வருஷம்.
ஓரியூர் மண், வேளாங்கண்ணி எண்ணெய்,
மதுரையில் ரெண்டு ஆஸ்பத்திரி,
கட்டிலுக்கடியில் தடித்துக்கொண்டே போகும் ஒரு ஃபைல்.

கருவாட்டுக் கொட்டகையில் ஒளித்தோம்,
நெத்திலிப் பாய்க்கும் திருக்கைத் துண்டுக்கும் நடுவே.
நாற்றத்துக்கு நாற்றம் காவல் என்று கணக்கு.
நெத்திலி ஒரு ராத்திரி தாக்குப்பிடித்தது.
மறுநாள் சாயங்காலம்
கச்சான் எழுந்து
தெரு முழுக்க வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிவிட்டது.

என்ன செத்துக் கெடக்கு என்று டெல்பின் வந்தாள்.
சாக்கடையை ஒருவன் குச்சியால் கிளறினான்.
பெனிட்டா கதவுக்குப் பின்னால் நின்றாள்,
முந்தானை நுனி வாயில்.

தெருமுனையில் சைக்கிள் ஒன்று நின்றது.
காசிம் காக்கா.
கோலாலம்பூரில் பதினாறு வருஷம் ரொட்டி வீசியவர்.
கண்ணை மூடி
டூரியான் என்றார்,
தொலைந்தவள் பேரைச் சொல்வதுபோல.

எதற்கு வாங்கினாய் என்று அவர் கேட்கவில்லை.
கத்தி கேட்டார்.
அடியில் நட்சத்திரமாய்க் கோடுகள் கூடும் இடத்தில்
முனையைக் குத்தி ஒரு திருகு.
ஐந்து அறை.
ஒவ்வொன்றிலும் மஞ்சளாய்,
தொட்டிலில் போட்டதுபோல்
(நான் நினைத்தேன், யாரும் சொல்லவில்லை)
சுளை.

அப்புறம் அது எங்கள் பழம் இல்லை.
ஐஸ் கம்பெனியிலிருந்து பையன் ஒருவன்
வாளியில் தூள் ஐஸ் கொண்டுவந்தான்.
டெல்பின் தேங்காய் துருவினாள், மூக்கைச் சுளித்தபடி.
சாயல்குடிக் கருப்பட்டியைப் பெனிட்டா காய்ச்சி வடித்தாள்,
கெட்டிப் பாலில் சுளையைப் பிசைந்தாள்,
ஒரு கல் உப்பு போட்டாள். அது யாரும் சொல்லாதது.
தெருவுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி.
சிலர் ஓடினார்கள்.
ஓடியவர்களில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

ராத்திரி மொட்டை மாடி.
எங்களுக்கு மிஞ்சியது ஒரே சுளை,
வயிறு நிறையச் சோறு தின்ற பிறகு.
பாம்பன் பக்கம் ஒரு ரயில் ஊர்ந்தது.
பாதி கடித்தாள், பாதி தந்தாள்.
வெங்காயம் வதக்கிய சட்டியில் பால் காய்ச்சினாற்போல்,
அதற்கும் பின்னால் வேறென்னவோ.

நிஜமா எவ்வளவு, என்றாள்.
சொன்னேன்.
தலையில் கைவைத்தாள். அப்புறம் சிரித்தாள்,
சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமானது.
விரலை நக்கிவிட்டு,
அடுத்த சீசனுக்கு ரெண்டு சொல்லிவை, என்றாள்,
எனக்குப் பிடிச்சிருக்கு.

ஓட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக் கை கழுவினால்
வாசம் போய்விடும் என்றிருந்தார் காக்கா.
ஊற்றினாள். கழுவினோம்.
முகர்ந்து பார்த்தோம், அவள் கையை நான்,
என் கையை அவள்.
டீசல் போயிருந்தது.